படம் வரைந்தவர் பெயர் கார்ட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஹென்றி கிரேயைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. மருத்துவ மாணவர்கள் ‘கிரேஸ் அனாட்டமி’ என்று சொல்கிற அந்தத் தலையணைப் புத்தகத்தை எழுதியவர், விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் அறுவை மருத்துவர், 34 வயதில் பெரியம்மையில் போய்ச் சேர்ந்தவர். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ரசித்துப் படித்துக்கொண்டு வந்தேன். நான்காவது பத்தியில் ‘தம் கையாலேயே வரைந்த 363 படங்களுடன்’ என்று ஒரு வரி. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் படங்களை வரைந்தவர் கிரே இல்லை. அவர் பெயர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அவரும் அறுவை மருத்துவர்தான், அவரும் அனாட்டமி, அதாவது உடற்கூறு, சொல்லிக்கொடுத்தவர்தான். லண்டனில் கொஞ்ச காலம், அப்புறம் முப்பது வருஷம் நம் நாட்டில். நம் மதுரையின் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு நோயை ஆராய்ந்து, அதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரை வைத்ததும் அவரே. மதுரையில் அச்சாகிற பதிப்பிலேயே அவர் பெயர் விட்டுப்போனதால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். இடமில்லையென்று வெட்டினால் என்னைப் பற்றி வருகிற இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள், கார்ட்டரை வெட்டாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் 1980 முதல் 2011 வரை ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அப்படி ஒரு வேலை உண்டா என்று கேட்பார்கள். உண்டு. கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும் வருவதற்கு முன்னால், வகுப்பில் மாட்டுகிற பெரிய பெரிய சார்ட்டுகளை யாராவது வரைந்துதானே ஆக வேண்டும்? துணி ஒட்டிய தாளில், தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலில் மூலையில் ஒரு ஸ்டூல் எனக்கென்றே கிடக்கும். முதல் மாதம், உடல் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலின் நெடி கண்ணில் நீராகக் கொட்டியது. அப்புறம் பழகிவிட்டது. மனைவிக்குத்தான் கடைசிவரை பழகவில்லை. சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் பேராசிரியர் கிரேயின் பழைய பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, “இதைப் பார்த்துப் பழகுங்க” என்றார். கழுத்துப் படம். தோலையும் மேல் தசையையும் விலக்கிவிட்டு, உள்ளே போகிற தமனிகளைக் காட்டும் படம். எனக்கு ஆச்சரியம் படத்தின் அழகில் இல்லை. அம்புக்குறி இல்லை, ஓரத்தில் அ, ஆ, இ போட்டு அடியில் விளக்கம் இல்லை. தமனியின் பெயர் தமனியின் மேலேயே, அது வளைகிற வளைவில் வளைந்து ஓடுகிறது. வரைபடத்தில் வைகை என்கிற பெயரை ஆறு போகும் வழியிலேயே எழுதியிருப்பார்களே, அப்படி. தசையின் பெயர் தசைக்குள்ளேயே, நார் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே. மாணவன் கண்ணை எடுக்காமல் படித்துவிடலாம். அன்று நடைமுறையில் இருந்த பாடநூல்கள் பலவற்றில் குட்டிக் குட்டி எழுத்தைப் போட்டு, அடியில் தேடவைப்பார்கள். 1858இல் வந்த புத்தகம் இன்றுவரை நிற்பதற்குப் படங்கள் பாதிக் காரணம் என்று சொன்னால் டாக்டர்களே மறுக்கமாட்டார்கள்.

“இது யார் சார் வரைஞ்சது?” என்று கேட்டேன். “கிரேதான்” என்றார் அவர். ஆக, தங்கள் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அனாட்டமிப் பேராசிரியருக்கே அன்று அப்படித்தான் தெரிந்திருந்தது. ஏழெட்டு வருஷம் கழித்து முதல் பதிப்பின் முகப்புப் பக்கத்து நகல் ஒன்று எங்கிருந்தோ அவர் கைக்கு வந்தது. அவரே என் அறைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய எழுத்தில் ஹென்றி கிரே. அதற்குக் கீழே, படங்கள் கார்ட்டர் வரைந்தவை, உடல்களை அறுத்து ஆராய்ந்தது நூலாசிரியரும் கார்ட்டரும் சேர்ந்து என்று அச்சிட்டிருந்தது. “நான் சொன்னது தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பேராசிரியர் ஆர்ட்டிஸ்டின் அறைக்கு வந்து அப்படிச் சொன்னது பெரிய விஷயம். அன்றிலிருந்து கார்ட்டரை விடாமல் தேடித் தேடிப் படித்தேன்.

கார்ட்டர் 1831இல் இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா ஹென்றி பார்லோ கார்ட்டர், ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் பெயர்பெற்ற நீர்வண்ண ஓவியர். கடல், புயல், கவிழப்போகிற கப்பல் என்று வரைந்தவர். தம்பியும் ஓவியர். பிள்ளைக்கு வான்டைக் என்று நடுப்பெயர் வைத்ததிலேயே அப்பாவின் ஆசை தெரிகிறது, அது பழைய பெரிய ஓவியர் ஒருவரின் பெயர். பையன் என்னவோ பதினேழு வயதில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு வைத்தியம் படிக்கப் போய்விட்டான். கை மட்டும் அப்பாவின் கை. 1852இல் அறுவை மருத்துவராகத் தேறி, பிறகு அறுவை மருத்துவர்களின் ராஜாங்கக் கல்லூரியில் ரிச்சர்ட் ஓவன் போன்றவர்களிடம் மனித, விலங்கு உடற்கூறு கற்றார். செயின்ட் ஜார்ஜில் அனாட்டமி டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது மாணவர்களுக்கு உடலை அறுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுப்பவர், ஆனார்.

அங்கேதான் கிரேயும் இருந்தார். நான்கு வயது மூத்தவர், படு சூட்டிகை. 25 வயதில், இங்கிலாந்தின் பெரிய அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர். மண்ணீரலைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு 1853இல் ஆஸ்ட்லி கூப்பர் பரிசு, 300 கினி (அந்நாளைய இங்கிலாந்துப் பணம்). அந்த மண்ணீரல் நூலுக்கும் படம் வரைந்து கொடுத்தவர் கார்ட்டர். ஆனால் அதில் அவருக்கு ஒரு நன்றி வரிகூட இல்லை. இருந்தும் 1855 கடைசியில், மாணவர்களுக்கு ஒரு கைநூல் கொண்டுவரலாம், படம் நீ போடு என்று கிரே கேட்டபோது கார்ட்டர் ஒத்துக்கொண்டார். எனக்கு இது புரிகிறது. வரைகிறவனுக்கு வேலை வந்தால் மறுக்க மனசு வராது.

எப்படி வரைந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. இன்று மாதிரி தாளில் வரைந்து ஸ்கேன் பண்ணுவது இல்லையே. கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, முகத்தை இழைத்து மழுமழுவென்று ஆக்கிய கட்டை. அதன் மேல் நேராகப் பென்சிலால் வரைய வேண்டும். செதுக்குகிறவர் அந்தக் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்ற இடத்தையெல்லாம் பள்ளமாக்குவார். அந்த வேலையைச் செய்தது பட்டர்வொர்த் - ஹீத் என்ற செதுக்குப் பட்டறை. மை தடவி அழுத்தினால் தாளில் படம் விழும், ஆனால் இடவலம் மாறி விழும். ஆகவே கட்டையில் வரையும்போதே மாற்றி வரைய வேண்டும். பூவோ கோபுரமோ என்றால் மாறினாலும் யாருக்கும் தெரியாது. அனாட்டமியில் மாறினால் இதயம் வலதுபக்கம் போய்விடும், கல்லீரல் இடதுபக்கம் வந்துவிடும். எதிரே மேஜையில் கிடக்கிற உடலில் இடது கை. கட்டையில் அது வலது கையாக இறங்க வேண்டும். பெயர்களும் கட்டையில் இடவலம் மாறித்தான் நிற்கும்.

இதன் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தாய்மாமா சிவகாசியில் லித்தோ ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிள், காலண்டர் வேலை. லித்தோ கல்லில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் எழுதுவார். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ‘ழ’ வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். எழுதி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் வெற்றிலை போடுவார். ஒரு நாள் நானும் ஆசைப்பட்டு ஒரு ‘ழ’ எழுதினேன். கண்ணாடியில் பார்த்தால் அது எந்த மொழியிலும் சேராத எழுத்து. மாமாவுக்கு ஒரு லேபிளில் பத்து எழுத்து. கார்ட்டருக்கு 363 படம், ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் ஐம்பது பெயர்.

இதையெல்லாம் சுமார் ஒன்றரை வருஷத்தில் செய்து முடித்தார்கள். கின்னர்டன் தெருவில் மருத்துவமனையின் அனாட்டமிப் பள்ளி. மின்விளக்கு இல்லாத காலம். உடல் கெடாமல் இருக்க வேண்டுமே என்று குளிர்காலத்தில்தான் அறுப்பு வேலை நடக்கும். அந்த ஊரில் குளிர்காலத்துப் பகலோ நம் ஊர் மாலை வெளிச்சத்துக்குக்கூடக் காணாது. இருவரும் சேர்ந்து அறுப்பார்கள், கிரே எழுதுவார், கார்ட்டர் வரைவார். இதற்கு நடுவில் கார்ட்டர் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. தேர்வும் எழுதித் தேறினார். அவருடைய நாட்குறிப்புகள் லண்டன் வெல்கம் நூலகத்தில் இருக்கின்றன. தன்னைத் தானே குறைசொல்லிக்கொண்டே இருக்கிற மனுஷன். தெய்வபக்தி போதவில்லை, சோம்பல் அதிகம், வாழ்க்கையில் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுகிறார். இத்தனை படம் போடுகிற ஆள் தன்னைச் சோம்பேறி என்கிறார். நம்மையெல்லாம் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த மேஜையில் கிடந்தவர்கள் யார்? தங்கள் கட்டுரையில் ‘தானமாக வந்த உடல்கள்’ என்று இருந்தது. அதுவும் திருத்தப்பட வேண்டியதே. 1832இல் வந்த அனாட்டமிச் சட்டத்தின்படி, ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடந்தவர்களின் உடல்கள்தான் இப்படிப் பள்ளிகளுக்குப் போயின. யாரும் மனமுவந்து கொடுத்தது இல்லை. அந்த 363 படங்களில் இருக்கிற தோளும் கழுத்தும் முழங்காலும் அப்படி வந்தவர்களுடையவை. எங்கள் கல்லூரியிலும் அநாதைப் பிணம் என்றுதான் பதிவேட்டில் ஏறும். தொட்டியிலிருந்து உடலைத் தூக்கி மேஜையில் போடுகிற ஊழியர் ஒருவர் இருந்தார். வருஷத்தின் முதல் உடலுக்கு மட்டும் மாணவர்கள் வருவதற்கு முன்னால் தலைமாட்டில் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். யாரும் சொல்லிச் செய்வது இல்லை. ஃபார்மலின் நெடிக்கு முன்னால் அந்த ஊதுபத்தி எடுபடவே எடுபடாது.

சரி, முகப்புப் பக்கத்துக்கு வருகிறேன். 1857 முடிவதற்குள் கார்ட்டர் தன் வேலையை முடித்துவிட்டு, இந்திய மருத்துவப் பணிக்குத் தேர்வெழுதி, 1858 தொடக்கத்தில் பம்பாய்க்குக் கப்பல் ஏறிவிட்டார். புத்தகம் அந்த வருஷம் பிற்பகுதியில் வந்தது. அச்சுக்குப் போகும் முன் வந்த புரூஃபில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. கார்ட்டரின் பெயரோடு, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த புதிய பேராசிரியர் பதவியும் இருந்தது. கிரே பேனாவை எடுத்து அந்தப் பதவியை அடித்துவிட்டு, கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னார். கடைசியில் அச்சானது ‘முன்னாள் டெமான்ஸ்ட்ரேட்டர்’ என்று. பணத்தில் கிரேக்கு ஆயிரம் பிரதிக்கு 150 பவுன் வீதம். கார்ட்டருக்கு மொத்தமாக ஒரே தடவை 150 பவுன், அத்தோடு சரி. முதல் பதிப்பே 2,000 பிரதி. அதற்கப்புறம் எத்தனை பதிப்பு வந்தது, எத்தனை லட்சம் விற்றது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

இதை வைத்துக் கிரேயை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. எழுத்து அவருடையது, திட்டம் அவருடையது. மூன்றே வருஷத்தில், உடன்பிறந்தவர் பெற்ற பிள்ளைக்கு அம்மை கண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்து, அது தனக்கே தொற்றி 1861 ஜூனில் இறந்துபோனார். இரண்டாம் பதிப்பைத்தான் அவர் கண்ணால் பார்த்தார். சாகிற வயசா அது? ஆனால் ஒருவர் பெயரை ஒருவர் சின்னதாக்குகிற பழக்கம் அவரோடு தொடங்கவும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை. நான் மூன்று வருஷம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்த நாற்பத்திரண்டு படங்கள் ஒரு பாடக் கையேட்டில் வந்தன. எந்த ஊர், யார் எழுதியது என்பது இங்கே வேண்டாம். முன்னுரையில் தட்டச்சு செய்தவர் பெயர் இருந்தது, பைண்டிங் செய்தவருக்குக்கூட நன்றி இருந்தது. படங்கள் ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி கிடந்தன. கேட்டதற்கு, “கவர்மெண்ட் சம்பளம் வாங்கிட்டுதானே வரைஞ்சீங்க?” என்றார்கள். வாஸ்தவம்தான். பதில் சொல்லத் தெரியவில்லை. கார்ட்டர் பெயரைத் தேடத் தொடங்கியதில் இந்த எரிச்சலும் கொஞ்சம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் நம் பக்கத்துக் கதை. தங்கள் கட்டுரையோடு 1860இல் எடுத்த டிசெக்‌ஷன் அறைப் புகைப்படத்தைப் போட்டிருந்தீர்கள். கிரே உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் மாணவர்கள். அதில் கார்ட்டரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் பம்பாயில் அனாட்டமியும் உடலியங்கியலும் பாடம் நடத்திக்கொண்டு, ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த கொஞ்ச நாளில் அவர் கண்ணில் பட்டது வீங்கிப்போன பாதங்கள்.

அந்த நோயை 1842இல் மதுரையிலிருந்த கில் என்ற மருத்துவர் எழுதி வைத்திருந்தார். 1846இல் கோல்புரூக் என்பவர் அதை ‘மதுரா ஃபுட்’ என்றே குறித்தார். நம் ஊர்ப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. யானைக்கால் வேறு, இது வேறு. வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு முள்ளோ கல்லோ குத்தும். அதை மறந்தும்போவான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வலியே இல்லாமல் பாதம் வீங்கிக்கொண்டு வரும். அப்புறம் அங்கங்கே புரையோடி வாய் திறக்கும். சீழோடு குருணை குருணையாக வெளியே வரும். சிலருக்குக் கறுப்பாக, வெடிமருந்துப் பொடி மாதிரி. சிலருக்கு வெள்ளையாக, மீன் சினை மாதிரி. உள்ளே எலும்பை அரித்துக்கொண்டே போகும். அந்தக் குருணையை கார்ட்டர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது பூஞ்சை, காளான் வகை என்று 1860இலேயே எழுதினார். ‘மைசெட்டோமா’ என்று பெயர் வைத்தவர் அவரே. 1874இல் அதைப் பற்றித் தனிநூலே கொண்டுவந்தார். கறுப்புக் குருணைக்குக் காரணமான பூஞ்சையின் பெயர் இன்று ‘மதுரெல்லா’. பூஞ்சை மட்டும் இல்லாமல் ஒருவகை பாக்டீரியாவாலும் இந்த நோய் வரும் என்று பின்னால் தெரிந்தது. அதற்கும் ‘ஆக்டினோமதுரா’ என்று நம் ஊர்தான். மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் பெயர்பெற்ற ஊர், நுண்ணுயிருக்கும் பெயர் கொடுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல்தான்.

அப்படி ஒரு காலை நானே வரைந்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி. கருவேல முள் குத்தி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுப்பதென்று முடிவாகிவிட்டது. மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், முந்தின நாள் வரைந்துகொள்ளுங்கள் என்று சர்ஜரி பேராசிரியர் சொன்னார். வார்டுக்குப் பலகையும் வண்ணப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, நான் வரைவதை எட்டி எட்டிப் பார்த்தார். பாதத்தின் மேல்பக்கம் பதினோரு வாய் இருந்தன, எண்ணி எண்ணி வைத்தேன். சீழ் துடைத்த பஞ்சில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பொட்டு. மத்தியானம் கேட்டார்: “ஏன் தம்பி, நாளைக்குப் போகப்போற காலை இம்புட்டு அக்கறையா வரையிறீகளே, எனக்கு ஒண்ணு போட்டுத் தர்றீகளா?” சின்னதாக ஒன்று பென்சிலில் போட்டுக் கொடுத்தேன். அதில் வீக்கம் வேண்டாம் என்றார். நல்ல காலாகப் போடச் சொன்னார். இன்னொரு காலைப் பார்த்து, இடவலம் மாற்றிப் போட்டேன். அன்றைக்கு மாமாவின் கண்ணாடித் துண்டு நினைவுக்கு வந்தது.

கார்ட்டரின் மிச்சக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பாய் மாகாணத்துச் சாத்தாராவில் பல வருஷம் சிவில் சர்ஜன், கூடவே சிறைச்சாலைப் பொறுப்பு. விடுப்பில் நார்வே போய்த் தொழுநோய் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தார். ஹேன்சன் என்ற நார்வே மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல், கார்ட்டர் அந்த நாட்டுப் பெர்கன் நகருக்குப் போனதும் அந்த வருஷமே. அப்புறம் நம் தாத்தா பாட்டிகள் சொன்ன தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. தக்காணத்திலும் அதே பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் பம்பாய்க்குத் திரண்ட ஜனங்களிடையே 1877இல் விட்டு விட்டு வருகிற காய்ச்சல் பரவியது. கார்ட்டர் அவர்களின் ரத்தத்தில் சுருள் கிருமியைக் கண்டு எழுதினார். அந்தக் காய்ச்சல் அவருக்கே வந்தது, பிழைத்துக்கொண்டார். கிராண்ட் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்து, 1888இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1890இல் மகாராணியின் கௌரவ அறுவை மருத்துவர் என்று பட்டம். 1897 மே மாதம் காசநோயில் இறந்தார். அப்பா கப்பல் வரைந்த அதே ஸ்கார்பரோவில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரேயின் புத்தகம் தமிழுக்கு என்றோ வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1872இல் அதை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழாக்கி வெளியிடச் செய்தார். தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்று நாம் இன்றும் பட்டிமன்றம் போட்டுக்கொண்டிருக்கிறோம். தங்கள் கட்டுரையில் இதற்கும் ஒரு வரி இடம் இருந்திருக்கலாம். ‘உலகின் முதல் உடற்கூறு நூல்’ என்று போட்ட வரியை எடுத்திருந்தாலே இடம் கிடைத்திருக்கும். அது முதல் நூலும் இல்லை. வெசாலியஸ் என்ற ஐரோப்பிய மருத்துவரின் உடற்கூறு நூல் 1543இலேயே வந்துவிட்டது, அதிலும் படங்கள்தான் பேர்போனவை.

கேட்பது சின்ன விஷயம். வருகிற ஞாயிறு இணைப்பில், எந்த மூலையிலாவது, ‘கிரேயின் நூலுக்குப் படங்கள் வரைந்தவர் டாக்டர் ஹென்றி வான்டைக் கார்ட்டர்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். எழுத்து அளவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கட்டுரைத் தலைப்புக்குப் போட்ட அளவே போதும். கூட ஒரு படம் வேண்டுமென்றால் அந்தக் கழுத்துத் தமனிப் படத்தை நான் பார்த்து வரைந்த பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது. பேரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இந்தியன் இங்க்கில் போட்டது, நாற்பது வருஷமாகியும் மங்கவில்லை. அடியில் வலது ஓரத்தில் ‘கார்ட்டரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அச்சில் ஏற்றும்போது அந்த ஓரத்தைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி ஆர்ட்டிஸ்ட்,
மதுரை.